நல்ல தண்ணியும் நாலு இலைச் செடியும்



போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணைக் குரோட்டன்ஸ் படத்தைப் போட்டாலும் போட்டேன், ஒரே கேள்வியைப் பலரும் பல விதமாகக் கேட்டுவிட்டீர்கள். “டீச்சர், நர்சரியில் பார்க்கும்போது தளதளவென்று இருக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரே மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகிப்போகுது. நம்ம தூத்துக்குடி மண்ணுக்கு இந்தச் செடியெல்லாம் வராதா?”

மண்ணைக் குறை சொல்லாதீர்கள். தொட்டிக்கு மண் வெளியிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் கருக வைப்பது தண்ணீர். இந்த ஊரில் வீட்டுக்குள் அழகுக்காக ஓர் இலைச் செடி நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் தண்ணீரின் வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் செடி வளர்ப்பது தானாக வரும். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பொறுத்ததுபோல இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் ஆச்சிமார் காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் துளசி. உடைந்த பானையில் கற்பூரவல்லி. பாத்திரம் விளக்கும் இடத்தில் வாழை. கிணற்றடியில் மருதாணியும் கறிவேப்பிலையும். சுவரோரம் கற்றாழை. ஒவ்வொரு இலைக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்று சளிக்கு, ஒன்று கைக்கு, ஒன்று குழம்புக்கு, ஒன்று சாமிக்கு. கிள்ளிப் பயன்படுத்த முடியாத இலையைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் வழக்கம் சாதாரண வீடுகளில் இல்லை. ரசனை இல்லாமல் இல்லை. கோலம் போட்ட கைகள்தானே அவை! ஊற்றத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. கடலோர ஊர், கிணறு தோண்டினால் தண்ணீர் வரும், ஆனால் பல இடங்களில் வாயில் வைக்க முடியாது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வெயிலும் கடல் காற்றும்தான். உப்பளத்துக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. அதே காரணத்தால் மெல்லிய இலைக்கு இதைவிடக் கடினமான ஊரும் குறைவு.

இந்த ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டிலிருந்து குழாயில் கொண்டுவந்தவர் என்று நாம் நன்றியோடு நினைப்பவர் நகர்மன்றத் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930). 1920-களில் அந்தத் திட்டம் நிறைவேறியது. அவர் சிலையைத் தாண்டித்தான் நீங்கள் பலரும் பள்ளிக்கூடம் போனீர்கள். குழாய் வந்த பிறகும், தெருக் குழாயில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருந்த காலம் எங்கள் தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அப்படிப் பிடித்த குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்து, காயும் தராத பூவும் தராத செடிக்கு ஊற்றுவதை யார் வீட்டில் விடுவார்கள்?

சரி, அந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன?

நாம் குரோட்டன்ஸ் என்று சொல்வதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகள், மலேசியா, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு, மேற்குப் பசிபிக் தீவுகள். இதை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ரம்பியஸ். ஜெர்மனியில் பிறந்தவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்தவர். அதே கம்பெனிதான் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அங்கே கிராம்பு என்று கம்பெனி பார்த்தபோது, ரம்பியஸ் இலைகளைப் பார்த்தார்.

அவர் கதையை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கலாம். 1670-இல் கண் பார்வை போய்விட்டது. 1674-இல் நிலநடுக்கத்தில் மனைவியும் ஒரு மகளும் இறந்தார்கள். 1687-இல் தீப்பிடித்து அவர் சேர்த்து வைத்த படங்கள் எரிந்தன. மறுபடியும் ஆள் வைத்து வரைந்து அனுப்பினார். 1692-இல் கையெழுத்துப் பிரதி போன கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். 1702-இல் ரம்பியஸ் இறந்தார். அவர் எழுதிய அம்போன் தாவரநூல் 1741-இல்தான் அச்சில் வரத் தொடங்கியது. குரோட்டன்ஸின் இன்றைய அறிவியல் பெயரான ‘கோடியேயம்’, அந்தத் தீவு மக்கள் சொன்ன உள்ளூர்ப் பெயரிலிருந்து அவர் எடுத்து எழுதியது.

அப்படியானால் நாம் ஏன் குரோட்டன்ஸ் என்கிறோம்? 1753-இல் லின்னேயஸ் இந்தச் செடியைக் ‘குரோட்டன்’ என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார். பிறகு தாவரவியலார் வேறாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயர் ஊர் வாயில் நின்றுவிட்டது. உண்மையான குரோட்டன் இனத்துச் செடி ஒன்று நம்மிடமே உண்டு. சித்த வைத்தியத்தில் கடும் பேதிக்குப் பெயர் போன நேர்வாளம்தான் அது. ஆகவே பெயரை நம்பி யாரும் திண்ணைக் குரோட்டன்ஸை வைத்து வைத்தியம் பார்த்துவிடாதீர்கள்.

நம் கற்பூரவல்லிக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரில் ‘அம்போயினிகஸ்’ என்று வரும். அம்போன் தீவின் பெயர்தான் அது. இத்தனைக்கும் அந்தச் செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று கருதுகிறார்கள். ஆச்சி நட்டதெல்லாம் உள்ளூர்ச் செடி, நர்சரியில் விற்பதெல்லாம் வெளிநாட்டுச் செடி என்று பிரிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கப்பலுக்கு வருவோம். கிழக்கிலிருந்து உயிருள்ள செடியை ஐரோப்பாவுக்கோ, ஒரு காலனியிலிருந்து இன்னொன்றுக்கோ கொண்டுபோவது பெரிய பாடாக இருந்தது. பயணம் பல மாதம். செடியை மேல்தளத்தில் வைத்தால் உப்புக் காற்றும் அலைத்துளியும் கருக்கிவிடும். கீழே வைத்தால் வெளிச்சம் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், கப்பலில் நல்ல தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். மாலுமிக்கே அளவு என்னும்போது செடிக்கு யார் ஊற்றுவார்கள்? சுற்றிலும் தண்ணீர், ஊற்றத் தண்ணீர் இல்லை. அந்தக் கப்பலின் நிலைமைதான் தூத்துக்குடி வீட்டு முற்றத்தின் நிலைமையும்.

இதற்கு வழி கண்டவர் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர். 1829 வாக்கில், ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். சில நாளில் மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. குளிர்ந்ததும் மறுபடி மண்ணிலேயே இறங்கியது. நாம் ஐந்தாம் வகுப்பில் படம் போட்டு விளக்கும் நீர்ச் சுழற்சி ஒரு புட்டிக்குள்ளே நடந்தது. அதை வைத்து மரச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டி செய்தார். 1833-இல் இரண்டு பெட்டிகளில் செடிகளை வைத்து லண்டனிலிருந்து சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது அந்தப் பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் உயிரோடு லண்டன் வந்தன. வழியில் தண்ணீர் ஊற்றும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

வார்டு பெட்டி என்று பெயர் பெற்ற இந்தப் பெட்டியில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தன, சின்கோனாவும் வந்தது. பயிர்ச் செடிகளோடு இலைச் செடிகளும் உலகம் சுற்றத் தொடங்கின. இங்கிலாந்தில் அப்போது பூவைவிட வண்ண இலைக்கு மோகம் கிளம்பியது. வீட்ச் நர்சரிக் குடும்பத்து ஜான் கூல்ட் வீட்ச் 1864 முதல் 1866 வரை ஆஸ்திரேலியாவையும் பசிபிக் தீவுகளையும் சுற்றி, விதவிதமான குரோட்டன்ஸ் வகைகளைச் சேர்த்து அனுப்பினார். ஜாவாவிலிருந்து கோலியஸ், தென் அமெரிக்காவிலிருந்து கலேடியம், டைஃபன்பேக்கியா என்று ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒன்று வந்தது. குளிர் நாட்டில் இவற்றைக் கண்ணாடி வீட்டுக்குள் கரி எரித்துச் சூடு காட்டி வளர்த்தார்கள். நம் பக்கம் அந்தச் செலவு இல்லை. நிழலும் நல்ல தண்ணீரும் போதும்.

நம் பக்கத்தில் இவற்றை வாங்கி, பெருக்கி, பரப்பும் இடங்கள் அதற்குள் உருவாகியிருந்தன. இலங்கையில் பேராதனைத் தோட்டம் 1821-இல் தொடங்கியது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் அமைந்தது. அந்தச் சங்கத்தின் இடத்தின் ஒரு பகுதியில்தான் பின்னாளில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் நடந்து, 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. ஊட்டித் தோட்டத்தை மெக்ஐவர் 1848 முதல் உருவாக்கினார். இப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்து கலெக்டர் பங்களா, மிஷன் வளாகம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று குரோட்டன்ஸ் இறங்கி வந்தது. வேலி போல் நட்ட மஞ்சள் புள்ளிக் குரோட்டன்ஸ் இல்லாத பழைய ரயில் நிலையத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

தூத்துக்குடிக்கு ரயில் 1876-இல் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கித்தான் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி–கொழும்புப் பாதைக்காகத்தான். கப்பல் போக்குவரத்து மாறிய பிறகும் தோணிகள் விடாமல் போய் வந்தன. எங்கள் வீட்டின் முதல் குரோட்டன்ஸ் வந்தது அந்தத் தோணி வழியில்தான். பெரிய மாமா கொழும்பிலிருந்து நனைந்த சாக்கில் சுற்றி நாலு குச்சி கொண்டுவந்தார். மூன்று காய்ந்துபோயின, ஒன்று துளிர்த்தது. அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றப் போனால் ஆச்சியின் குரல் வரும்: “ஏட்டி, நல்ல தண்ணிய இலைக்கா ஊத்துத?” அம்மா அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவார். காய்கறி கழுவிய தண்ணீரும் அதற்குத்தான். அப்படியே அது ஆள் உயரம் வளர்ந்தது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மாமா கொண்டுவந்தாரே என்று நீங்கள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெட்டிக்குள் குச்சி வைத்துக் கொண்டுவராதீர்கள். 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதியும் நோயில்லாச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. காரணம் இருக்கிறது. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டத்தில் இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலே படுத்துவிட்டது. அதன் பிறகுதான் தேயிலை பெருகியது. காப்பியை நம்பித் தூத்துக்குடி வழியாகவும் கடல் தாண்டிப் போன நம் சனங்கள் பட்ட பாட்டில் ஓர் இலை நோய்க்கும் பங்கு உண்டு. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் பூ அழகுக்காக வந்தவைதான். ஒன்று காட்டை மூடியது, மற்றது ஆற்றை மூடுகிறது.

குரோட்டன்ஸுக்குப் பிறகு நம் வீடுகளுக்குள் நுழைந்தது மணி பிளான்ட். எழுபது, எண்பதுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு கொடி இல்லாத வீடு ஏது! அதன் பூர்வீகம் பசிபிக் கடலில், தகிட்டிக்கு அருகில் உள்ள மோரியா என்ற சின்னத் தீவு. 1880-இல் தாவரவியலார் அதற்குப் பெயர் வைத்தார்கள். அது பூத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு உண்டாக்கும் திறன் அதன் மரபணுவில் பழுதாகியிருக்கிறது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை, அதனால் விதை இல்லை. உலகம் முழுக்க ஒருவர் வெட்டிக் கொடுத்து இன்னொருவர் நட்டுத்தான் அது பரவியது. “திருடி வைத்தால்தான் வளரும்” என்று சொல்லிச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கொடியை ஒடித்தீர்களே, அதன் பரம்பரை முழுவதும் அப்படித்தான் வந்திருக்கிறது.

மணி பிளான்ட் நம் ஊரில் நிலைத்ததற்கும் காரணம் தண்ணீர்தான். அரை பாட்டில் தண்ணீரில் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஓர் எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்த அரை பாட்டில் போதும். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தேய்க்காவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

இப்போது மூன்றாவது அலை. ‘காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள்’ என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். என் மாணவி ஒருத்தி, குழந்தைக்கு இளைப்பு இருக்கிறது, படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட் ஆறு தொட்டி வைத்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாள். அவளுக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

அந்த நம்பிக்கையின் மூலம் 1989-இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வு. வோல்வர்ட்டன் என்பவரும் அவர் குழுவினரும் காற்றுப் புகாமல் அடைத்த சிறிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். குறைந்தது உண்மை. ஆனால் உங்கள் வீடு அடைத்த பெட்டி இல்லை. சன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் காற்று போய் வந்துகொண்டே இருக்கும். பல ஆண்டு ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து, ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும். ஆள் படுக்க இடம் இருக்காது. வார்டின் கண்ணாடிப் பெட்டிக்குள் உண்மையாக இருந்தது கப்பலுக்குப் பயன்பட்டது. நாசாவின் பெட்டிக்குள் உண்மையாக இருந்தது நம் படுக்கையறைக்குப் பொருந்தவில்லை.

‘இரவில் ஆக்சிஜன் தரும்’ என்பதும் அரைகுறைப் பாடம். ஸ்நேக் பிளான்ட் இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அது பகல் வேலை. குழந்தைக்கு இளைப்பு என்றால் மருத்துவர் கொடுத்த மருந்தை அவர் சொல்லாமல் குறைக்கக் கூடாது. காற்று கெட்டால் என்ன ஆகும் என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊர்க் காற்றின் கணக்கை ஆறு தொட்டிச் செடியின் தலையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இலைத்துளையைப் பகலில் மூடி வைப்பதால் ஸ்நேக் பிளான்ட் மிகக் குறைந்த தண்ணீரையே இழக்கிறது. நம் ஊருக்கு அது பொருந்துவது அதனால்தான். நீங்கள் வாங்கும் பட்டை இலை வகை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரச் செடி நம் மண்ணிலேயே இருக்கிறது. மருள் என்று சொல்வோம். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் மரல். வறண்ட காட்டில் மான் மென்று தாகம் தணிப்பதாகப் புலவர்கள் பாடிய செடி. அதன் நாரைக் கிழித்துச் செம்பூ தொடுத்து நடுகல்லுக்குச் சூட்டிய செய்தி புறநானூற்றில் வருகிறது. வில்லுக்கு நாணாகவும் அந்த நார் பயன்பட்டது. ரோக்ஸ்பர்க் என்ற தாவரவியலார் சோழமண்டலக் கரையில் அந்த நாரை ஆராய்ந்து எழுதினார். அந்தச் செடியின் அறிவியல் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது. நானூறு ரூபாய் கொடுத்து வாங்கும் முன் ஊர்ப்பக்கம் தெரிந்தவர் தோட்டத்து வேலியை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி வளர்ப்புக்கு வருகிறேன். இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம். ஆத்தூர் போனால் போதும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். வெற்றிலையும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து எப்போதோ வந்த, ஈரக்காட்டு நிழல் கொடிதான். மணி பிளான்டுக்கு என்ன பிடிக்குமோ அதுவே அதற்கும் பிடிக்கும். இந்த வெயில் மாவட்டத்தில் அதை எப்படி வளர்க்கிறார்கள்? அகத்தியை நட்டு நிழலும் பிடிமானமும் கொடுக்கிறார்கள். காற்றுக்கு மறைப்புக் கட்டுகிறார்கள். தாமிரபரணியின் நல்ல தண்ணீரை அடிக்கடி பாய்ச்சுகிறார்கள். ஆனால் வேரடியில் தேங்க விடுவதில்லை. நிழல், மறைப்பு, நல்ல தண்ணீர், வடிகால். கொடிக்கால்காரரின் இந்த நாலும்தான் வீட்டுச் செடிக்கும் பாடம்.

நம் ஊருக்கென்று சில கூடுதல் குறிப்புகள்:

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் உள்ளே போன தண்ணீரின் உப்பு பெரும்பாலும் அதில்தான் சேர்ந்து வருகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஆழ்குழாய்த் தண்ணீர் பல தெருக்களில் அதைத் தாண்டும். அதிலிருந்து கழிந்து வருவது இன்னும் கடுமையாக இருக்கும். தரை கழுவ, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. சுத்தமான வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீரும் நல்லது. அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் மேல்.

மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் தொட்டியை வெளியே வைத்து, அடியில் தண்ணீர் நன்றாக வழிந்து ஓட விடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போகும். தினமும் கையளவு தெளிப்பதைவிட, மேல் மண் காய்ந்தபின் அடியில் வழியும்வரை ஊற்றுவது நல்லது.

தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்குங்கள். முருகைக்கல்லில் கட்டிய பழைய வீட்டை இடித்த மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் சுண்ணாம்பு அதிகம். செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும்.

குரோட்டன்ஸுக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் வைத்தால் நிறம் போய்ப் பச்சையாகிவிடும். இடம் மாற்றினால் கொஞ்சம் இலை உதிர்க்கும். பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள். மாவுப்பூச்சி கண்டால் ஈரத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். மாடியிலோ கடல் பக்கத்துச் சன்னலிலோ இருந்தால், வாரம் ஒரு முறை இலையில் படிந்த உப்பையும் தூசியையும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் டைஃபன்பேக்கியா, கலேடியம், மணி பிளான்ட் மூன்றையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். சேனைக்கிழங்கும் சேம்பும் வாயில் அரிப்பது எதனாலோ, அதே ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் நாக்கும் உதடும் வீங்கும். வாயைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஓர் ஆண்டு மழையைவிட அதிகம் ஒரு நாளில் கொட்டியது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். குடிக்க ஒரு குடம் கிடைக்காமல் லாரிக்குக் காத்திருந்தோம். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்பதை அந்த வாரம் இன்றைய பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். ஆகையால் ஒரு செடி வாங்குமுன் அதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றப்போகிறோம் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். சேமித்த தண்ணீரில் எத்தனை செடி நிற்குமோ அத்தனை போதும். அம்மா ஒரு குரோட்டன்ஸை வளர்த்தது அந்தக் கணக்கில்தான்.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுக் குரோட்டன்ஸையும் மருளையும் கற்பூரவல்லியையும் வெட்டுவேன். குச்சியும் கன்றும் யாருக்கு வேண்டுமோ கீழே எழுதுங்கள். காலையில் பத்து மணிக்குள் வாருங்கள், வரும்போது ஆளுக்கொரு பழைய டப்பாவில் அடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள். ஓட்டை இல்லாத டப்பாவுக்குச் செடி கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்